அடுத்த ஊர் வரைக்கும்

வண்டிக் கோளாறுகளை நான் இரண்டு வகையாகத்தான் பிரிப்பேன். வண்டியை ஓடவிடாமல் செய்பவை ஒரு வகை. வண்டியை நிற்கவிடாமல் செய்பவை இன்னொரு வகை. முதல் வகைக்கு வழியில் கிடைப்பதை வைத்து ஏதாவது செய்து பார்க்கலாம். செய்தது பலிக்காவிட்டால் வண்டி மறுபடியும் நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது வகையில் ஒட்டுவேலைக்கு இடமே கிடையாது. அங்கே செய்தது பலிக்கவில்லை என்பது இறக்கத்தில்தான் தெரியவரும்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றின் சர்வீஸ் ஆளாகப் பல வருடங்கள் காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், கொல்லிமலை, தாளவாடி என்று தோட்டம் தோட்டமாக அலைந்தவன் நான். முதலில் நூறு சிசி பைக், பிறகு கம்பெனி கொடுத்த ஆம்னி வேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பயிர் வாடுகிறது, மோட்டார் ஓடவில்லை, சரி செய்ய வேண்டியவன் எங்கோ சாலையோரத்தில் தன் வண்டியோடு குந்தியிருக்கிறான் என்றால் அந்த விவசாயியின் வாயிலிருந்து என்ன வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வழியில் சமாளிக்கும் வித்தைகளை நான் ஆர்வத்தால் கற்கவில்லை. அந்த வசவுகளுக்குப் பயந்து கற்றேன்.

பைக்கில் அடிக்கடி வருவது கிளட்ச் ஒயர் அறுவது. அது நடுவில் அறுவது அபூர்வம். கைப்பிடி லிவருக்குள் அமரும் நுனியில் ஓர் உலோகக் குமிழ் இருக்கும். அதன் கழுத்தில்தான் இழை இழையாக விட்டுப்போகும். லிவர் வழக்கத்தைவிடத் தளர்ந்துகொண்டே வருவதும், கியர் மாற்றும்போது கரகரப்பதும் அதற்கான முன்னறிவிப்பு. தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில், வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில் எனக்கு அது முழுதாக அறுந்தது. கையில் மாற்று ஒயர் இல்லை. ஆனால் பம்பு மெக்கானிக்கின் பையில் எப்போதும் ஒரு பொருள் இருக்கும்: ஒயர்களை இணைக்கும் கனெக்டர் பட்டை. அதன் பிளாஸ்டிக் உறையை வெட்டினால் உள்ளே பித்தளைக் குழாய்த் துண்டு, அதில் இரண்டு திருகுகள். அறுந்த நுனியை அதற்குள் நுழைத்து இரண்டு திருகுகளையும் இறுக்கினால், போன குமிழுக்குப் பதில் ஒரு குமிழ் தயார்.

ஒயர் நீளம் குறைந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம். லிவர் பக்கமும் இன்ஜின் பக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களை முழுக்க உள்ளே திருகினால் ஒரு விரற்கடை ஒயர் மிச்சம் கிடைக்கும். பித்தளைத் துண்டு லிவரின் குழிக்குள் சரியாக அமராது. குழியின் பின்பக்கம் தட்டி நிற்கும்படி வைத்தால் போதும். இன்னொன்று: திருகைத் தாண்டிக் கொஞ்சம் ஒயரை வெளியே நீட்டி விட்டுவிடுங்கள். அந்த வால் குறையக் குறைய, ஒயர் நழுவுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதே வித்தையை முன் பிரேக் ஒயருக்கும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அவர்கள் பின்னால் உட்காருவதும் இல்லை.

கனெக்டரும் இல்லையென்றால் கிளட்ச் இல்லாமலே ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, உருள ஆரம்பித்ததும் ஏறி உட்கார்ந்து முதல் கியரைத் தட்ட வேண்டும். ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பும். அடுத்த கியருக்குப் போக, ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் தளர்த்தி, அந்தக் கணத்திலேயே கியரை அழுத்தினால் சத்தமில்லாமல் விழும். நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். கியர் பெட்டிக்கு இது பிடிக்காதுதான், ஆனால் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள்ளும். ஊருக்குள் நுழையாமல் போக வழியிருந்தால் சுற்றிப் போனாலும் அதையே எடுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கித் தள்ளி ஓடுவதைவிட ஐந்தாறு கிலோமீட்டர் அதிகம் போவது மேல்.

ஆக்ஸிலேட்டர் ஒயர் அறுந்தால் வேலை இன்னும் எளிது, கார்புரேட்டர் வண்டியாக இருந்தால். ஐட்லிங் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனால் இன்ஜின் வேகம் ஏறும். இரண்டாம் கியரில் சைக்கிள்காரர்களை முந்தும் அளவுக்கு வேகம் கிடைக்கும். கிளட்சும் பிரேக்கும் நல்ல நிலையில் இருப்பதால் இது ஆபத்தில்லாத சமாளிப்பு. ஆனால் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை, எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷன். பேட்டரி அடியோடு செத்துப்போனால் அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது, பெட்ரோலை ஏற்றும் பம்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பழைய வண்டிக்காரர்களின் கைவைத்தியங்களைப் புது வண்டியில் முயல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

செயின் அறுவதைப் பற்றி ஒரு வரி போதும்: லாக் உள்ள ஒரு துண்டுக் கண்ணியைச் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருங்கள், மாட்டும்போது அந்த லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

வேனுக்கு வருகிறேன். ஆம்னியில் இன்ஜின் முன்இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதனால் சூடு ஏறுவது மீட்டர் முள்ளுக்கு முன்பே ஓட்டுகிறவன் தொடைக்குத் தெரிந்துவிடும். சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குப் போக, பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகும் சாலை. கரும்பு லாரிகளை யானைகள் மறிப்பது இந்தத் தடத்தில்தான். நினைத்த இடத்தில் இறங்கி நின்று வேடிக்கை பார்க்கிற இடமல்ல. பாதி ஏற்றத்தில் தொடை சுட ஆரம்பித்து, ரேடியேட்டரின் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் சாலையில் கோடு போட்டது. ரேடியேட்டர் ஹோஸில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு.

அங்கே வந்து சேர்ந்தார் சங்ககிரிக்காரரான ஒரு லாரி ஓட்டுநர். தலை முழுக்க நரைத்தவர். தன் வண்டியைக் கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு வந்தார். நான் ரேடியேட்டர் மூடிக்கு மேல் துணியைப் போட்டதைப் பார்த்துவிட்டு, “கண்ணு, துணி போட்டாலும் வேண்டாம். கையை வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் அப்புறம் திற” என்றார். அந்த மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் பீறிடும். ஆகவே காத்திருந்தோம். காட்டுக்குள் காத்திருப்பது எளிதல்ல, மூங்கில் முறியும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு முதுகு சில்லிட்டது. அவர் என்னவோ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தன் மகள் கல்யாணக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறிய பிறகு ஹோஸை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, அவரிடமிருந்த லாரி டியூப் ரப்பரை நீள நாடாவாக வெட்டி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நான்கு விரல் தாண்டும்படி, இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதி அடுத்த சுற்றின் மேல் ஏறும்படிச் சுற்றினோம். அதற்கு மேல் கட்டுக்கம்பி. இழுத்துச் சுற்றிய ரப்பர் தானாகவே சுருங்கி இறுகுவதால்தான் அடைக்கிறது. தளர்வாக எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை. இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். வெடிப்பு ஹோஸின் நுனியில், கிளிப்புக்கு அருகில் இருந்தால் ஒட்டவே வேண்டாம். கெட்ட நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டிவிடலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. மூடியை முழுக்க இறுக்காமல் முதல் தட்டோடு நிறுத்தினார். அந்த நிலையில் மூடி விழாது, ஆனால் அழுத்தமும் சேராது. கட்டுப் போட்ட ஹோஸுக்கு எதிரி தண்ணீரல்ல, அழுத்தம். அழுத்தம் இல்லையென்றால் தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மெதுவாகப் போக வேண்டும், இடையிடையே நிறுத்தித் தண்ணீர் விட வேண்டும். விடும்போதும் இன்ஜினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாகத்தான். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். ஹீட்டர் உள்ள கார்களில் அதை முழு வேகத்தில் திருப்பிவிட்டால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். உள்ளே இருப்பவர்களுக்கு வெந்துவிடும், இன்ஜின் பிழைக்கும்.

மேலே ஆசனூர் பக்கம்தான், ஏறிவிடலாம் என்று எனக்கு ஆசை. அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் கீழே கை காட்டினார். ஏற்றத்தில் இன்ஜின் முழு உழைப்பும் உழைக்கும், சூடு ஏறும். இறக்கத்தில் கியரில் இறங்கும்போது அதற்கு வேலையே இல்லை. அதனால் வண்டியைத் திருப்பி, இன்ஜினை அணைக்காமல், இரண்டாம் கியரிலேயே பண்ணாரிக்கு இறங்கி, சத்தியமங்கலத்தில் புது ஹோஸ் போட்டேன். சூட்டுக் கோளாறில் அருகில் இருக்கும் ஊரைவிடக் கீழே இருக்கும் ஊர்தான் அடுத்த ஊர். தாளவாடிக்காரர் அன்று என்னைத் திட்டினார், அது வேறு கதை.

காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னவற்றில் பலவற்றை நான் பிறகு சோதித்துப் பார்த்துவிட்டேன். டீசல் டேங்கில் மயிரிழை வெடிப்பு விழுந்து கசிந்தால், துணி துவைக்கும் சோப்புக் கட்டியை ஈரமில்லாமல் அழுத்தித் தேய்த்தால் நின்றுவிடும். டீசலும் பெட்ரோலும் சோப்பைக் கரைப்பதில்லை. எம்சீல் அதற்கு மேல் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் அது இறுகும்வரை பொறுமை வேண்டும். மழையில் வைப்பர் நின்றுவிட்டால் பீடித் தூளை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்தோடும். பார்வை முழுதாகத் தெளியாது, ஓரமாக உருட்டிக்கொண்டு போகப் போதும். சக்கர நட்டுகள் கழன்று காணாமல் போனால், மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கடன் வாங்கி மாட்டலாம். வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது, வழியில் ஒருமுறை இறங்கி எல்லா நட்டையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி, ஏனென்றால் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போட்டு மோட்டாரைக் கருக்கியவர்களை நான் கிணற்றடிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள், கம்பித் துண்டு எல்லாம் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் ஃபியூஸ் எரியாது, ஒயர் எரியும், ஒயருக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் போகும். ஃபியூஸ் பெட்டியிலேயே கடன் வாங்குங்கள். பாட்டுப் பெட்டிக்கு உள்ளதை எடுத்து விளக்குக்குப் போடலாம், ஆம்பியர் ஒன்றாக இருந்தால். தட்டை ஃபியூஸ்களில் நிறமே ஆம்பியரைச் சொல்லிவிடும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. புதிதாகப் போட்டதும் உடனே போனால் எங்கோ ஒயர் தேய்ந்து பாடியில் உரசுகிறது. ஸ்டீயரிங் திரும்பும் இடத்திலும் கதவுக் கீல் பக்கத்திலும் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

இனி அந்த இரண்டாவது வகை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டு வேனை எடுத்தபோது பிரேக் பெடல் பாதி வரை வெறுமையாக இறங்கியது. குனிந்து பார்த்தால் பின்சக்கரத்தின் உட்புறம் ஈரம். சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிகிறது. அங்கிருந்த ஒருவர், கைதேர்ந்தவர்தான், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைச் சுத்தியலால் நசுக்கி மடக்கிவிட்டால் மற்ற சக்கரங்களின் பிரேக்கோடு இறங்கிவிடலாம் என்றார். லாரிகளில் அப்படிச் செய்வதுண்டு என்று எனக்கும் தெரியும். இன்னொருவர் பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொன்னார். அது எல்லாவற்றையும்விட மோசம். பிரேக்கின் ரப்பர்கள் இன்ஜின் ஆயில் பட்டால் ஊதி உப்பிவிடும், பிறகு நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போகும்.

வேனை அங்கேயே கல் வைத்து நிறுத்திவிட்டு, பஸ்ஸில் இறங்கி நாமக்கல் போய், சிலிண்டரும் பிரேக் ஆயிலும் ஒரு மெக்கானிக்குமாகத் திரும்பி வந்தேன். இரண்டு பேருக்குமான பஸ் டிக்கெட்டுகளைக் கணக்கில் காட்டியபோது அலுவலகத்தில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நல்ல நிலையில் உள்ள பிரேக்கே அந்த இறக்கத்தில் திணறும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அதற்கும் வெகு கீழேயே. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லாரிகள் மோதும் செய்திகளை எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதை அங்கே போலீஸார் ஓயாமல் எச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்: கியர் தடுக்க வேண்டிய எடை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக், ஸ்டீயரிங், பக்கவாட்டில் கிழிந்த டயர் — இவை மூன்றும் கெட்டால் என் பையைத் திறக்கவே மாட்டேன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது, மற்ற இடங்களில் ஏதாவது பஸ் வரும்.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கட்டுக்கம்பி ஒரு சுருள், சைக்கிள் டியூப் பாதி, கனெக்டர் பட்டை, ஃபியூஸ் நான்கைந்து, எம்சீல், உப்புத்தாள், ஒரு பிளக், பிளாஸ்டிக் டை ஒரு கட்டு, தலையில் மாட்டும் டார்ச். கைவிளக்கு வேண்டாம், அதைப் பிடிக்க மூன்றாவது கை தேவைப்படும். பளபளக்கும் பெட்டியில் நாற்பது ஸ்பேனர்களோடு விற்கிறார்களே, அதில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது நான்குதான். அந்த நான்கையும் நல்ல தரத்தில் வாங்குங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை ஜாக்கியை எடுத்த பிறகு பார்க்கிறவர்கள்தான் அதிகம், மாதம் ஒருமுறை பஞ்சர் கடையில் அதையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

தெரியாத ஊரில் மெக்கானிக் ஷெட் மூடியிருந்தால் நான் தேடுவது மூன்று கடைகளை. சைக்கிள் கடையில் சிறு ஒயர்கள் கிடைக்கும், பைக் ஆக்ஸிலேட்டருக்குச் சைக்கிள் பிரேக் ஒயர் தாராளமாக உதவும். மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒயர், கனெக்டர், பற்றாசு எல்லாம் இருக்கும், அதோடு மின்சாரம் புரிந்த ஒரு ஆளும் இருப்பார். லேத் பட்டறை கொங்குப் பக்கம் எந்தச் சின்ன ஊரிலும் உண்டு, உடைந்த போல்ட்டையும் பிடுங்கித் தருவார்கள். வெல்டிங் வைக்க நேர்ந்தால் மட்டும், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். புது வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

ஒட்டுவேலை செய்த உடனே ஒரு துண்டுத் தாளில் “ஹோஸ் — டியூப் கட்டு” என்பதுபோல எழுதி ஸ்பீடோ மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். கட்டுக்கம்பியில் தொங்கும் சைலன்சர் ஒரு வாரம் தொங்கிவிட்டால் அது தொங்குவதே நமக்கு மறந்துபோகும். பிறகு அப்படியே விற்றுவிடுகிறோம், வாங்கியவர் எங்கோ ஒரு மலையில் அதைக் கண்டுபிடிக்கிறார். சர்வீஸுக்கு விடும்போது அந்தத் தாளை மெக்கானிக்கின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வழக்கு, எனக்கு லாரிக்காரர்கள் மீதும் நம் எல்லோர் மீதும் உள்ளது. வண்டி நின்றதும் பின்னால் வருபவர்களுக்குத் தெரிய வேப்பங்கிளை ஒடித்து வைக்கிறோம், சாலையில் கல்லை வரிசையாக அடுக்குகிறோம். சிவப்பு முக்கோணப் பலகை இல்லாதபோது அது தேவைதான். ஆனால் வண்டி கிளம்பியதும் கிளையை மட்டும் காற்று அள்ளிப்போகிறது, கல் அங்கேயே கிடக்கிறது. இருட்டில் விளக்கு மங்கிய மொபெட்டில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரிவது முன்சக்கரம் அதன் மேல் ஏறிய பிறகுதான். திம்பத்தில் அந்தப் பெரியவர் பீடியை அணைத்துவிட்டு முதலில் எடுத்து ஓரத்தில் போட்டது நான் வைத்த கற்களை. ஸ்பேனரைப் பைக்குள் போட்டது அதற்குப் பிறகு.